புதுத் தொட்டியில் தண்ணீர் கெடும்போது

கடல்மீன் தொட்டி வைத்த முதல் இரண்டு மாதம் தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது. ஒரு நாள் வெள்ளையாகக் கலங்கும். அடுத்த வாரம் மணல் முழுக்கப் பழுப்பு படியும். டெஸ்ட் கிட்டில் ஒரு குழாய் பச்சையாக நிற்கும், இன்னொன்று ஊதாவாக மாறும். இவற்றில் பெரும்பாலானவை தொட்டி பக்குவப்படுகிறது என்பதற்கான அடையாளங்கள். சில மட்டுமே மீனைக் கொல்லக்கூடியவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் கடைக்கு ஓடி, கொடுத்த பாட்டிலை எல்லாம் வாங்கி ஊற்றுகிறார்கள். கோளாறு கொன்ற மீன்களைவிட, கோளாறுக்கென்று ஊற்றியவை கொன்ற மீன்களே அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் இந்த அத்தியாயத்தில் முதலில் கண்டுபிடிப்பது, பிறகுதான் கை வைப்பது.

கணக்குச் சொல்ல வசதியாக, சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கண்ணாடி அளவின்படி 190 லிட்டர். ஆனால் பாறையும் மணலும் போக, உள்ளே நிற்கும் தண்ணீர் 160 லிட்டர் அளவில்தான் இருக்கும். எந்த மருந்தையும் எந்த உப்பையும் இந்த 160-க்குத்தான் கணக்கிட வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் கொள்ளளவுக்குக் கணக்கிட்டால் ஆரம்பமே தப்பாகிவிடும்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் அளந்து பார்க்கக் காத்திருக்க வேண்டாம். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடித்தாலோ, உடனே தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்குங்கள். ஏர் பம்ப்பைப் போடுங்கள், மோட்டாரின் வாயை மேல்நோக்கித் திருப்புங்கள், மூடியைத் திறந்து வையுங்கள். கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல் பிடித்து வைக்கும். அதே சூட்டில் கடல்நீர் 7-க்கும் கீழே. 30 டிகிரியில் அது 6 மி.கி. அளவுக்கு இறங்கும். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆன தொட்டியில் மீன் திணறுவதற்கு இதுதான் காரணம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது எந்த மருந்து பாட்டிலையும்விடப் பயனுள்ள செலவு. மேற்பரப்பைக் கலக்கிய கையோடு, தயாராக வைத்திருக்கும் உப்புநீரைக் கொண்டு தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றிவிடுங்கள்.

அந்த "தயாராக வைத்திருக்கும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூடி போட்ட டிரம்மில் 50 லிட்டர் கலந்த உப்புநீர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பிரச்சினை வந்த பிறகு உப்பைக் கரைக்கத் தொடங்கினால், அது முழுசாகக் கரைந்து தெளியவே அந்த இரவு போய்விடும்.

அளவுகோலைச் சோதியுங்கள்

எண் சரியில்லை என்றால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். மலிவான ஹைட்ரோமீட்டரில் முள்ளின் மேல் இரண்டு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அது மேலே எழும்பி உப்பைக் கூடுதலாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. ஆனால் அதை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் பல கருவிகள் சாதா உப்புக் கரைசலுக்குச் செய்தவை, கடல்நீருக்குச் செய்தவை அல்ல. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) திட்டக் கரைசல் ஒன்றை வாங்கி அதில் சரிபாருங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: நன்றாக உலர்ந்த சுத்தமான தூள் உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அளவேதான். கருவியில் 35 காட்டுகிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்யுங்கள்.

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட்டுகளில் இன்னும் பல பொறிகள் உண்டு. உப்புநீருக்கான வண்ண அட்டையும் நன்னீருக்கான அட்டையும் வேறு வேறு. மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் பொடி தங்கிவிடும். அதை அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் விட்டால் நைட்ரேட்டே இல்லை என்பதுபோல் மஞ்சளாக நிற்கும். அம்மோனியாவின் மஞ்சள், பச்சை வித்தியாசத்தை நீல நிறம் கலந்த தொட்டி விளக்கின் கீழே பார்த்தால் எப்போதும் பச்சையாகத்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். சமையலறை அலமாரியின் சூட்டில் கிடந்த கிட் தேதிக்கு முன்பே கெட்டுப்போகும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும்போதே, பக்கத்தில் இன்னொரு குழாயில் புதிதாகக் கலந்த உப்புநீரையும் சோதியுங்கள். இரண்டும் ஒரே நிறம் காட்டினால் கோளாறு தொட்டியில் இல்லை. கிட்டிலோ, உப்பிலோ, ஊற்றுகிற தண்ணீரிலோ இருக்கிறது.

ஊற்றுகிற தண்ணீர்

நம் ஊர் வீடுகளில் புதுத் தொட்டியின் பாதிப் பிரச்சினை இங்கே தொடங்குகிறது. அடுக்குமாடிக் குழாயில் இன்று வருவது மெட்ரோ தண்ணீராக இருக்கலாம், நாளை போர் தண்ணீர், கோடையில் லாரி தண்ணீர். மூன்றும் கட்டடத்தின் ஒரே நீர்த்தொட்டியில் சேர்ந்து ஒரே குழாயில் வருகின்றன. ஒன்றில் குளோரின் இருக்கும், ஒன்றில் இரும்பும் சிலிகாவும் நைட்ரேட்டும் இருக்கும். போன மாதம் சரியாக இருந்த தண்ணீர் இந்த மாதம் பாசியைக் கிளப்பினால் வியப்பில்லை. அதனால் ஆர்ஓ தண்ணீர் இல்லாமல் கடல்மீன் தொட்டியை ஆரம்பிக்க வேண்டாம் என்பேன்.

வீட்டில்தான் ஆர்ஓ மெஷின் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் கவனம் தேவை. குடிநீருக்கான ஆர்ஓ மெஷின்களில் பலவற்றில், சுத்தமான தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதற்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் ஒரு திருகு இருக்கிறது. சிலவற்றில் கனிமங்களைச் சேர்க்கும் குப்பி இருக்கிறது. அண்மைக்கால மாடல்கள் சிலவற்றில் செம்பையே தண்ணீரில் சேர்க்கிறார்கள். மனிதருக்கு அது தீங்கில்லை. ஆனால் மீன் நோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் செம்பின் அளவு லிட்டருக்கு 0.2 மி.கி. மட்டுமே, அந்த அளவிலேயே இறாலும் நத்தையும் செத்துவிடும். மீன்கள் நன்றாக இருக்க, விட்ட இறால்கள் மட்டும் வரிசையாகச் சாகின்றன என்றால், முதலில் உங்கள் ஆர்ஓ மெஷினின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மெம்பிரேனிலிருந்து நேராக வரும் குழாயில், கனிமக் குப்பிக்கும் செம்புக் குப்பிக்கும் முன்பாக, ஒரு இணைப்பு எடுத்துத் தரச் சொல்லி மெக்கானிக்கைக் கேட்கலாம். அதற்குப் பின் ஒரு டிஐ ரெசின் குழாயைப் போட்டால் மெம்பிரேனைத் தாண்டி வரும் சிலிகாவும் குறையும். நானூறு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண டிடிஎஸ் மீட்டர் போதும். அது பூஜ்யத்தையோ அதற்குப் பக்கத்தையோ காட்ட வேண்டும். 60, 80 என்று காட்டினால் ஏதோ கலக்கிறது என்று அர்த்தம். கேன் தண்ணீருக்கும் இதே சோதனைதான். அதைச் செப்புக்குடத்தில் பிடித்து வைக்கவும் கூடாது.

உப்பு விஷயத்திலும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. "கல் உப்பும் கடலிலிருந்து வருவதுதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கடல்நீரைப் பாத்திகளில் விட்டு வெயிலில் சுண்டவிடும்போது முதலில் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது, அடுத்து ஜிப்சம். அதன் பிறகுதான் சாப்பாட்டு உப்பு கட்டியாகிறது. மிஞ்சுகிற கசப்பு நீரை, மெக்னீசியமும் பொட்டாசியமும் நிறைந்த அந்த நீரை, வடித்து வெளியே விட்டுவிடுகிறார்கள். ஆக, கல் உப்பு என்பது கடலிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழித்த பிறகு கிடைப்பது. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு 1,300 மி.கி. அளவில் மெக்னீசியமும் 400 மி.கி.க்கு மேல் கால்சியமும் இருக்கின்றன. கல் உப்பைக் கரைத்தால் உப்பின் அளவு 35 காட்டும், பிஎச் மட்டும் ஒரு நாளும் நிற்காது. தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவைதான் வேண்டும்.

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ குடத்தில் மொண்டு வரலாமா என்றால், வேண்டாம். ஒரு பக்கம் கூவத்தின் வாய், இன்னொரு பக்கம் அடையாற்றின் வாய். சாக்கடை கலக்காத இடமாக இருந்தாலும், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும். அதோடு அந்த நீரில் உயிருள்ள மிதவைகள் நிறைந்திருக்கும். இருட்டில் மூடி வைத்தால் அவை செத்து அழுகி அம்மோனியாவாகும். கலவை உப்பு வாங்கும் வசதி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

உப்பும் சூடும்

உப்பு 35 பிபிடி, அதாவது அடர்த்தி 1.026. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டியில் 1.022 முதல் 1.026 வரை எதுவானாலும் சரி, ஆனால் அது ஊசலாடக் கூடாது. சூடு 25 முதல் 28 டிகிரி வரை.

இந்த இரண்டும் நம் ஊரில் ஒன்றையொன்று இழுக்கும். சித்திரை வெயிலில் அறை 34 டிகிரி போகும்போது, சில்லர் வாங்க முடியாதவர்கள் தொட்டியின் மேல் மின்விசிறி வைக்கிறார்கள். நல்ல வழிதான், இரண்டு மூன்று டிகிரி குறையும், கடலோரப் புழுக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ஆனால் விசிறி குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். நாளைக்கு ஐந்து லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு போகாது, தண்ணீர் மட்டும் போகும். மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 160 லிட்டர் 145 ஆகியிருக்கும், 35 பிபிடி 38.6 ஆகியிருக்கும். அதைக் கண்டு பதறி உப்புநீரை ஊற்றி நிரப்பினால் இன்னும் மோசமாகும். ஆவியான இடத்தை வெறும் ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கண்ணாடியின் பக்கவாட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். ஊருக்குப் போகிறவர்கள் தானாக நிரப்பும் கருவியை அதற்கு முன்பே மாட்டி, ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

உப்பு ஏறிவிட்டால் ஒரே நாளில் கீழே கொண்டுவர வேண்டாம், நாளுக்கு ஒன்று இரண்டு பிபிடி போதும். ஏற்றுவதானால் அதைவிட மெதுவாக, நாளுக்கு ஒரு பிபிடி. உப்பைத் தொட்டிக்குள் கொட்டாமல், சற்று உப்பு கூடிய நீரைக் கலந்து அதை ஊற்றுங்கள். சூடு 30-ஐத் தாண்டினால் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள்.

அம்மோனியா

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை பெருகுவது மிக மெதுவாக. அழுகலைத் தின்னும் சாதாரண பாக்டீரியா மணிக்கணக்கில் பல மடங்காகும். இவை இரட்டிப்பாக அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படுவது இதனால்தான்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று மீனுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியம், மற்றது செவுளைச் சுடும் அம்மோனியா. பிஎச் ஏற ஏற முதலாவது இரண்டாவதாக மாறும். பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிட, பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் நச்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கு மேல். தங்கமீன் தாங்கிய அளவை உங்கள் கோமாளி மீன் தாங்காது. சூடு ஏறினாலும் அந்தப் பங்கு கூடும்.

நைட்ரைட்டில் கதை தலைகீழ். நன்னீரில் அது கொடிய நஞ்சு. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுத்துவிடுகிறது. குழாய் ஆழ்ந்த ஊதாவாக மாறியதைப் பார்த்துப் பதறிப் பாதித் தண்ணீரைக் கொட்டத் தேவையில்லை. மீன் இருந்தால் தீனியைக் குறைத்துக் காத்திருங்கள், இல்லையென்றால் வெறுமனே காத்திருங்கள். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் கிட்டையும் நம்பாதீர்கள். அந்தக் கிட், நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் எக்கச்சக்கமாக இருப்பதுபோல் பொய் சொல்லும்.

தொட்டியில் இன்னும் மீன் விடவில்லை என்றால் அம்மோனியா இருப்பது பிரச்சினையே அல்ல, அதுதான் பாக்டீரியாவின் உணவு. நாமே போட வேண்டும். நவச்சாரம் என்று நாட்டு மருந்துக் கடையிலும் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்களிடமும் கிடைப்பது அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் கடைச் சரக்கில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம், அதனால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதை வாங்குங்கள். 160 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் அம்மோனியா 2 மி.கி. அளவுக்கு வரும். அன்று போட்டது மறுநாள் இதே நேரத்தில் முழுக்கக் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி மீனுக்குத் தயார். பக்குவப்படுத்த டாம்சல் மீனை விட்டு வையுங்கள் என்று சில கடைகளில் சொல்வதைக் கேட்க வேண்டாம். ஓர் உயிரை அம்மோனியாவில் வாட்டுவது தேவையே இல்லாத கொடுமை. அது பிழைத்துவிட்டால் பின்னால் விடும் ஒவ்வொரு மீனையும் விரட்டிக் கடிக்கும்.

மீன் இருக்கும் தொட்டியில் அம்மோனியா ஏறினால்தான் அவசரம். புதுக் கலவை நீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, உண்மையிலேயே இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். பாதித் தண்ணீரை மாற்றினால் அம்மோனியா பாதியாகும். இதைவிட நிச்சயமான மருந்து கிடையாது. மாற்றும் நீரின் சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்ற பயம் வேண்டாம். அவை நீரில் மிதப்பதில்லை, பாறையிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டி வாழ்கின்றன. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால்தான் அவை சாகும். இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள், ஆரோக்கியமான மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்கள் ஓர் இரவுக்கு உதவும். போடும்போது காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். அதன் பிறகு சில கிட்டுகள் தப்பாகக் காட்டும் என்பதால் திரவம், கிட் இரண்டின் குறிப்பையும் படித்துவிடுங்கள். இந்த நேரத்தில் பிஎச்சை ஏற்ற எதையும் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். பாறைக்குப் பின்னால் செத்த நத்தை, ஒரே நாளில் விட்ட மூன்று மீன், குழந்தைகள் அள்ளிப் போட்ட தீனி. அல்லது "லைவ் ராக்" என்று சொல்லி யாரோ விற்ற பாறை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லி விற்றால் அது பவளப்பாறைத் துண்டு. கல் பவளங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், கடற்குதிரையையும் அப்படியே. எடுப்பதும் விற்பதும் வாங்கி வைப்பதும் குற்றம். வெயிலில் வண்டியில் வந்த அந்தப் பாறையில் இருந்த உயிர்கள் செத்து உங்கள் தொட்டியில் அழுகும் என்பது கூடுதல் தண்டனை. கடலைச் சுரண்டாத செராமிக் பாறைகள் கிடைக்கின்றன. மீனிலும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்தவற்றையே கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீன், கடலில் பிடித்த மீனைவிடத் தொட்டி வாழ்க்கைக்கு நன்றாகப் பழகியிருக்கும்.

கலங்கல்

ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு மேசையில் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் அடியில் வெள்ளைப் படிவு தங்கி மேலே தெளிந்தால் அது மணல் தூசு. மெல்லிய பஞ்சு போட்டால் இரண்டு நாளில் சரியாகும். நிமிடங்களில் தெளிந்தால் காற்றுக்குமிழ். கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரின் வெளியேறும் வாயைப் பாருங்கள், புது ஸ்கிம்மர் பழகும்வரை குமிழ் விடும். மறுநாளும் தெளியாமல் மங்கலாகவே நின்றால் பாக்டீரியா பெருக்கம். அதிகத் தீனியோ, பாட்டிலில் வாங்கி ஊற்றிய ஏதோ ஒன்றோ அதற்கு உணவாகியிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர தானே அடங்கும். ஆனால் அந்தக் கூட்டம் ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதால் இரவில் ஏர் பம்ப் ஓடட்டும்.

கால்சியத்தையும் காரத்தன்மை ஏற்றும் பொடியையும் அடுத்தடுத்து ஊற்றியதும் தண்ணீர் வெளுத்தால் அது சுண்ணாம்பாகப் பிரிந்து விழுகிறது என்று பொருள். போட்ட இரண்டும் வீண். அன்றைக்கு மேற்கொண்டு எதையும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

பிஎச்

7.8 முதல் 8.4 வரை எதற்கும் கவலை வேண்டாம். காலையில் குறைந்து மாலையில் ஏறுவது இயல்பு. 7.7, 7.6 என்று தொடர்ந்து நின்றால் பிஎச் ஏற்றும் பாட்டிலைத் தேடாமல், காரத்தன்மையை அளந்து பாருங்கள். 8 முதல் 10 டிகேஎச் இருந்தால் தண்ணீரில் குறை இல்லை. குறை அறைக் காற்றில். கதவு ஜன்னல் சாத்தி, ஏசி போட்டு நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரில் கரைகிறது. ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஏர் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் ஊதுங்கள். பிஎச் ஏறினால் சந்தேகம் தீர்ந்தது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடுவதுதான் மருந்து.

காரத்தன்மையே குறைந்திருந்தால் ஆப்பசோடா போதும். பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு பொருள்கள் உண்டு. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நாளைக்கு ஒன்றுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பாசி

மூன்றாவது நான்காவது வாரத்தில் வரும் பழுப்புத் தூள் டயட்டம். சிலிகா தீர்ந்ததும் போய்விடும். அதற்கு மருந்து போடுவது பணத்துக்குக் கேடு. தொட்டால் தோல்போல உரியும் கருஞ்சிவப்புப் படலம் சயனோபாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலையில் நீரோட்டத்தைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள். குமிழ்களோடு சளிபோலத் தொங்கும் பழுப்பு இழைகள் வேறு ரகம், டைனோஃப்ளாஜெல்லேட். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்கும் தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலைதூக்கும். ஆகவே பாஸ்பேட் உறிஞ்சியைப் போட்டுத் தண்ணீரை மேலும் மேலும் வெறுமையாக்குவது இதற்கு உதவாது. நைட்ரேட் 5 முதல் 20 மி.கி.க்குள்ளும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மி.கி.க்குள்ளும் நின்றால் புதுத் தொட்டிக்கு அதுவே நல்ல இடம்.

எண்கள் எல்லாம் சரி, மீன் மட்டும் சரியில்லை

இதுதான் வீட்டாரைத் திணறடிக்கும் நிலைமை. கிட்டுகள் அளப்பது நாலைந்து பொருளை மட்டுமே, நம் வீட்டுக் காற்றில் அதைவிட நிறைய இருக்கிறது. கொசுவர்த்தியிலும், சுவரில் செருகும் கொசுவிரட்டியிலும், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் இருப்பவை பைரித்ராய்டு வகை நஞ்சுகள். மனிதரைவிட மீனுக்கும், மீனைவிட இறாலுக்கும் கடுமையானவை. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது. ஸ்கிம்மரும் அதையேதான் செய்கிறது. தொட்டி இருக்கும் அறையில் இந்த நஞ்சுகளைப் பயன்படுத்தவே கூடாது, கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை போடும் நேரத்தில் ஏர் பம்ப், ஸ்கிம்மர் இரண்டையும் நிறுத்திவைத்து, புகை அடங்கியதும் ஓடவிடுங்கள். ஏர் பம்ப் இல்லாதபோது மோட்டார் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருக்கட்டும். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வாரத்தில் பம்ப்பின் காற்றுக் குழாயை வேறு அறைக்கோ வெளியேயோ நீட்டுங்கள்.

தேங்காயெண்ணெய், சோப்பு, மருதாணி, கிரீம் எதுவும் இல்லாத கையைத்தான் தொட்டிக்குள் விட வேண்டும். துருப்பிடித்த கிளிப், மேலுறை விரிந்த காந்தம், மோட்டாரில் தெரியும் பச்சைக் களிம்பு இவற்றைத் தேடுங்கள். செம்பு கலந்த நோய் மருந்தைப் பாறை உள்ள தொட்டியில் ஒருமுறை போட்டிருந்தால், சுண்ணாம்புப் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்து நெடுநாள் கழித்தும் வெளிவிடலாம். நோய்ப்பட்ட மீனுக்கு மருந்து, பாறை இல்லாத தனித் தொட்டியில்தான்.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, புது ஆக்டிவேட்டட் கார்பனை ஆர்ஓ தண்ணீரில் அலசித் துணிப்பையில் கட்டி, நீர் பாய்கிற இடத்தில் வையுங்கள். பூச்சிமருந்தையும் எண்ணெயையும் கார்பன் பிடித்துக்கொள்ளும், உலோகத்தை அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கென்று தனி ரெசின்கள் விற்கின்றன. மறுநாள் இன்னொரு மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். கார்பனை நான்காம் நாள் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும், அது சரியாகிவிட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் தொட்டியில் எதையும் புதிதாக விட வேண்டாம். அம்மோனியா பூஜ்யம், உப்பும் சூடும் கோட்டிலேயே நிற்கின்றன, பழைய மீன்கள் தீனிக்கு ஓடி வருகின்றன என்றால், ஒரே ஒரு மீனை விடுங்கள். அடுத்த மீனுக்கு மறுபடி இரண்டு வாரம்.